சிவப்பு மார்பு மாம்பழச்சிட்டு

என் கையில் ஒரு மூங்கில் குச்சி. குச்சியின் நுனி, கரும்பலகையில் தொங்கும் படத்தில் ஒரு சின்னப் பறவையின் மார்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மார்பு செக்கச்செவேலென்று இருக்கிறது. எதிரே தரையில் நாற்பது பிள்ளைகள், ஐந்தாம் வகுப்பு. அவர்களுக்குப் பின்னால் சன்னலோரமாக, மடியில் மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு தேர்வாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கியிருக்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். அவள் கையை இறக்குவதாக இல்லை.

அது என்னுடைய மாதிரி வகுப்பு. ஆசிரியப் பயிற்சி முடிகிற சமயத்தில், வெளியூரிலிருந்து வருகிற ஒரு தேர்வாளர் முன்னால் முக்கால் மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் டீச்சர் வேலை. தேறாவிட்டால் மதுரை மாப்பிள்ளை. விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்த என் அப்பா, இந்த இரண்டில் ஒன்று என்று பயிற்சியில் சேர்க்கும்போதே சொல்லிவிட்டார். அடுத்த வருடம் மறுபடி எழுதுகிறேன் என்ற பேச்சுக்கெல்லாம் எங்கள் வீட்டில் இடம் கிடையாது.

மதுரை மாப்பிள்ளை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பாவம், அவர் முகம்கூட இப்போது நினைவில்லை. அந்தப் பறவையின் மார்பை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு, ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர் கடிதம் போட்டிருக்கிறார். "பொய் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது டீச்சர், அந்தப் பயத்திலேயே நாங்கள் உருப்பட்டோம்" என்று எழுதியிருக்கிறார். நல்ல மனுஷர். ஆனால் கடிதத்தைப் படித்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்த வாரம் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் பறவையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாம்பழச்சிட்டு என்று எங்கள் பக்கம் சொல்வோம். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆளை அடையாளம் தெரிந்தால் போதும்.

ஊர்க்குருவி அளவுதான் இருக்கும், ஒரு பிடிக்குள் அடங்கிவிடும். ஆண் பறவைக்கு அலகுக்குக் கீழிருந்து வயிறு வரைக்கும் நல்ல மஞ்சள். நன்றாகப் பழுத்த மாம்பழத்தை நறுக்கியதும் தெரிகிற அந்த மஞ்சள். இறக்கை கறுப்பு. அந்தக் கறுப்பில் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடு. மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த இரண்டு கோட்டை மறக்காதீர்கள். கூடு கட்டுகிற காலத்தில் ஆணுக்குத் தலையும் முதுகும் கறுத்துப்போகும், மற்ற மாதங்களில் அந்தக் கறுப்பு வெளுத்துவிடும்.

பெண் பறவை வேப்பந்தளிர் நிறத்தில் இருக்கும். இலைக்குள் போய்விட்டால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதற்கும் இறக்கையில் அந்த இரண்டு கோடு உண்டு.

பெயரைப் பார்த்து இது மாம்பழம் தின்னும் என்று நினைத்துவிட வேண்டாம். புழுதான் தின்னும். வேம்பு, புளி, உடைமரம் என்று இலைக்கு இலை தாவி, சில சமயம் தலைகீழாகத் தொங்கிக்கூடப் புழு தேடும். தரைக்கு இறங்குவது அபூர்வம். மாங்குயிலோடு குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மாங்குயில் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது, அலகு இளஞ்சிவப்பு, கண்ணில் மை இழுத்தது போல ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். அலகு வளைந்திருந்தால் அது தேன்சிட்டு. அந்த இரண்டையும் இதையும் ஒன்றாகச் சொல்கிறவர்கள் பார்க்காமல் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

பார்க்காவிட்டாலும் கேட்கலாம். மெல்லிய விசில் ஒன்று நீளமாக இழுத்துக்கொண்டே போய், முடிகிற இடத்தில் சட்டென்று கீழே விழும். இவ்வளவு சின்னத் தொண்டையிலிருந்தா என்று இருக்கும். மழைக்காலத்துக்கு முன்னால் ஆண் பறவை இன்னொரு வேடிக்கை செய்யும். கிளையிலிருந்து எம்பி மேலே போய், உடம்பிலுள்ள வெள்ளைத் தூவியை எல்லாம் விரித்துக்கொண்டு, பஞ்சு உருண்டையாகச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும். பெண் பறவை அதைக் கண்டுகொள்ளாத மாதிரி புழு தேடிக்கொண்டிருக்கும்.

இதில் எங்காவது சிவப்பு வந்ததா? வராது. ஒரு பொட்டு, ஒரு இறகு, எதிலும் சிவப்பு கிடையாது.

இரண்டு மாதம் கட்டிலில்

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எனக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது, ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் போகிற வழியில் வண்டியிலிருந்து குதித்து இடது காலை ஒடித்துக்கொண்டேன். யாரும் தள்ளிவிடவில்லை. வண்டி நிற்கிற வரைக்கும் பொறுக்காமல் நானாகக் குதித்தேன். அன்றைக்கு மாரியம்மனைப் பார்க்கவே இல்லை.

பக்கத்து ஊர்தான் அம்மா பிறந்த ஊர். அங்கேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். முட்டையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து நாட்டு வைத்தியர் கட்டிவிட்டுப் போனார். அசையக்கூடாது என்று உத்தரவு. கட்டிலை ஒட்டி ஒரு சன்னல், சன்னலுக்கு வெளியே ஒரு வேம்பு, அதற்கப்பால் மாமாவுடைய புளியந்தோப்பு. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

அந்த வேம்பில் மாம்பழச்சிட்டு கூடு கட்டியது. சிலந்தி வலையை இழுத்து இழுத்துக் கிளைக் கவட்டையில் சுற்றி, ஒரு சின்ன எண்ணெய்க் கரண்டிக் குழி அளவுக்குக் கட்டியது. ஆணும் பெண்ணும் முறைபோட்டு அடைகாத்தன. ஆண் வந்து உட்காருவதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. பெயர் மட்டும் எனக்குத் தெரியாது. பால் ஊற்ற வந்தவர் சன்னலில் எட்டிப் பார்த்து, மாம்பழச்சிட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

கால் நேரானபோது எனக்கு உலகத்தில் ஒரு விஷயம் நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் வந்திருந்தது. அந்தக் கர்வம்தான் பின்னால் வினையாக முடிந்தது.

பெரியப்பாவின் அச்சகம்

அப்பாவின் அண்ணன் சிவகாசியில் கல் அச்சகம் நடத்திவந்தார். காலண்டர், தீப்பெட்டி லேபிள், வெடிக்கட்டு லேபிள். தை பிறந்துவிட்டால் காலண்டர் சீசன் முடிந்து மெஷின்கள் தூங்கும். தூங்குகிற மெஷினைப் பார்த்தால் பெரியப்பாவுக்குத் தூக்கம் வராது. அந்த இடைவெளியில் பள்ளிக்கூடங்களுக்கு சார்ட் அடிப்பது என்று ஒரு யோசனை செய்தார். "நம் நாட்டுப் பறவைகள்" என்று தலைப்பு. பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு பறவை.

அச்சகத்து ஓவியர் சங்கரலிங்கம், சாமி படம் போடுவதில் கெட்டிக்காரர். முருகனின் மயிலிறகில் ஒவ்வொரு கண்ணையும் புள்ளி புள்ளியாக வைப்பார். ஆனால் அவருக்குப் பறவை என்றால் சாமியோடு வருகிற பறவைதான். மயில் வந்தது, சேவல் வந்தது, சனி பகவானின் காக்கை வந்தது, பெருமாளின் கருடன் வந்தது, சரஸ்வதியின் அன்னம் வந்தது, ஆண்டாளின் கிளி வந்தது. ஆறு கட்டம் இப்படிச் சாமி புண்ணியத்தில் நிரம்பிவிட்டது. கொக்கு, புறா, ஆந்தை என்று இன்னும் ஐந்தைக் கண்ணால் பார்த்துப் போட்டார்.

பன்னிரண்டாவது கட்டத்துக்கு ஆள் இல்லை. பெரியப்பா பழைய லேபிள் படங்களைக் கிளறச் சொன்னார். எந்தக் காலத்திலோ ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்காகப் போட்ட குருவிப் படம் கிடைத்தது. அதை சங்கரலிங்கம் எதிலிருந்து பார்த்துப் போட்டார் தெரியுமா? வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவின் மூடியிலிருந்து. அந்த மூடியில் குருவியைச் சுற்றிப் பனி பெய்துகொண்டிருந்ததாம். லேபிள் போடும்போது பனியை எடுத்துவிட்டு, குருவியை மட்டும் எங்கள் வெயிலுக்கு இறக்கிவிட்டார்.

இந்த இடத்தில் கலர் அச்சடிக்கிற முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு படத்தில் உள்ள ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் கல்லில் எழுதி, ஒரே தாளை ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை மெஷினில் விட்டு எடுப்பார்கள். அதனால் முழுதாக அடிப்பதற்கு முன்னால், கறுப்புக் கோடும் மஞ்சளும் மட்டும் விழுந்த ஒரு தாளை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஆரஞ்சாக ஜொலிக்கிற சிவப்பு வேண்டுமென்றால் அடியில் மஞ்சளைப் போட்டு, அதன்மேல் சிவப்பு விட வேண்டும். ஆகவே பின்னால் சிவக்கப்போகிற இடமெல்லாம் அந்தத் தாளில் மஞ்சளாக இருக்கும்.

நான் லீவுக்கு சிவகாசிக்குப் போயிருந்தேன். பெரியப்பா அப்படிப்பட்ட ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். மை வாசனை இன்னும் போகவில்லை. "தாயி, நீதான் மரத்தைப் பாத்துக்கிட்டே கெடப்பியாம்ல. இங்கன ஒரு குருவி இருக்கு, பேரு தெரியல. பாத்துச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். சின்னப் பறவை. மார்பெல்லாம் மஞ்சள். இறக்கை கறுப்பு. அந்தக் கறுப்பில் வெளிச்சம் காட்ட சங்கரலிங்கம் இரண்டு இடத்தைக் கீற்றாக வெள்ளையாகவே விட்டிருந்தார். உடம்பு கொஞ்சம் குண்டாக இருந்தது. தூவியை விரித்திருக்கிறது என்று அதற்கும் நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னும் கலர் ஏதாவது விழ வேண்டியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அச்சகத்துக் குடும்பத்துப் பெண், எனக்கு இது தெரியாததல்ல. கேட்கவில்லை. வாயெல்லாம் பல்லாக, மாம்பழச்சிட்டு என்று சொன்னேன்.

பெரியப்பா என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் படத்துக்குக் கீழே பெயரை எழுதினார்கள். அதற்கு மறுநாள் சிவப்பு விழுந்தது.

"பேரு சொன்னது நீதான"

அந்த சார்ட்டை முழுக் கலரில் நான் பார்த்தது இரண்டு மூன்று வருடம் கழித்து. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, அதை ஒட்டியிருந்த ஆரம்பப் பள்ளிக்கு முதல் முறையாக அழைத்துப் போனார்கள். ஐந்தாம் வகுப்புச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நம் நாட்டுப் பறவைகள். பன்னிரண்டாவது கட்டத்தில், குங்குமத்தைக் கொட்டிய மாதிரி மார்போடு, இறக்கையில் நான் கோடு என்று நினைத்த கீற்றுகள் வேறு கலரில் மறைந்துபோய், ஒரு பிறத்தியார் நாட்டுக் குருவி. கீழே, நான் வைத்த பெயர்.

அந்த வாரக் கடைசியிலேயே பஸ் ஏறி சிவகாசிக்குப் போனேன். பெரியப்பாவிடம் சத்தமாகப் பேசியது அதுதான் முதலும் கடைசியும். பிள்ளைகள் தப்பாகப் படிக்கிறார்கள், திருத்தி அடியுங்கள், இருக்கிற சார்ட்டிலாவது அந்தப் பெயரை மறைத்து ஒரு துண்டுக் காகிதம் ஒட்டச் சொல்லி எழுதிப் போடுங்கள் என்று கேட்டேன்.

பெரியப்பா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே சொன்னார்:

"பேரு சொன்னது நீதான தாயி. அம்புட்டு ஊருக்கும் போயிருச்சு. இனிமே அதுதான் மாம்பழச்சிட்டு."

உயிரோடு மரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒன்றை, இனிமேல் நீ அது இல்லை என்று ஒரு மனுஷர் காப்பியைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட முடிகிறது. சங்கரலிங்கத்திடமும் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். சிவப்பு இல்லாமல் படம் எடுப்பாகவே இருக்காது என்றார். மாம்பழச்சிட்டைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அச்சகத்துக்குப் பின்னால் ஒரு வேம்பு நின்றது. அந்த மரத்தடியில்தான் தினமும் தூக்குவாளியைத் திறந்து சாப்பிடுவார். பார்த்ததில்லை என்றார்.

ஆனாலும் பெரியப்பாவை நான் எதிர்த்துக்கொண்டு போக முடியாது. பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று அப்பா முரண்டு பிடித்தபோது, சிவகாசியிலிருந்து கிளம்பி வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்து, என்னைப் பயிற்சியில் சேர்க்கச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தாலாவது திருப்பிப் பேசியிருப்பேன்.

ஆதாரம் என்ன?

மாதிரி வகுப்புக்கு எனக்கு விழுந்த பாடம் "நம் ஊர்ப் பறவைகள்". ஏதாவது ஒரு பறவையை எடுத்து, அதை எப்படி அடையாளம் காண்பது என்று பிள்ளைகளைக் கண்டறிய வைக்க வேண்டும். நான் எதை எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. நானே படம் வரைந்தேன். மஞ்சள், கறுப்பு, இரண்டு வெள்ளைக் கோடு. சங்கரலிங்கம் அளவுக்கு வராது. ஆனால் பார்த்தால் அந்தப் பறவை என்று தெரியும்.

அன்று காலையில் தேர்வாளரிடம் பாடக்குறிப்பைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, பைக்குள் இரண்டு பேனா. என் படத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்தார். அச்சிட்ட படம் பள்ளியிலேயே இருக்கும்போது கைப்படம் எதற்கு என்று கேட்டார். அந்தப் படம் தவறு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அச்சில் வந்தது தவறு, நீங்கள் வரைந்தது சரி. அப்படித்தானே?"

"ஆமாம் சார்."

"ஆதாரம் என்ன?"

இரண்டு மாதம் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். கூடு கட்டியதைச் சொன்னேன். பார்த்தேன் என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது, புத்தகத்தில் காட்டுங்கள் என்றார். எங்கள் பயிற்சிப் பள்ளி அலமாரியில் பறவைப் புத்தகம் ஒன்றும் கிடையாது. அலமாரிச் சாவி யாரிடம் இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது. ஆனால் வெளியே வந்து பத்து நிமிடம் நின்றால் அந்தப் பறவையையே காட்டிவிடலாம், பள்ளிக்கூடத்து வேம்பிலேயே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். தேர்வு நேரத்தில் மரத்தடியில் நிற்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். கூட நின்ற எங்கள் பயிற்சிப் பள்ளி ஆசிரியை என் முழங்கையைக் கிள்ளினார்.

இந்த இடத்தில் நிறுத்தி, என் வாசகர்கள் முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆதாரம் என்னிடம் இருந்தது. அந்தப் பெயரை வைத்ததே நான்தான், பாதி அச்சான தாளைப் பார்த்துத் தப்பாகச் சொன்னேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? ஆனால் சார்ட்டின் அடியில் பெரியப்பாவின் அச்சகப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கல்வி இலாகா ஆள் ஒருவர் முன்னால் அந்த மனுஷரைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இதே தேர்வாளர்தான் அரை மணி நேரத்தில் எனக்கு மார்க் போடப்போகிறார்.

அவர் சிவப்பு மையால் என் பாடக்குறிப்பில் மஞ்சள் என்ற சொல்லை அடித்தார். பக்கத்தில், "படத்தின்படி நடத்தவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் வரைந்ததைச் சுருட்டி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, சுவரிலிருந்த சார்ட்டைக் கழற்றிக் கரும்பலகையில் மாட்டினேன்.

அவர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று சொல்லி மாளாது. அவர் கெட்டவர் இல்லை. விதிப்படி நடந்தார். விதிப்படி நடக்கிற மனுஷர்களுக்கு ஒரு மரத்தை அண்ணாந்து பார்க்க மட்டும் ஏன் கழுத்து வலிக்கிறது என்பதுதான் எனக்கு இந்த வயதிலும் புரியவில்லை.

மூன்றாவது வரிசை

அந்தப் பெண்ணின் பெயர் வெள்ளத்தாய். மற்ற பிள்ளைகளைவிட இரண்டு வயதாவது மூத்தவள். முன்னே தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்துவிட்டு, தாமதமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் என்று வகுப்பாசிரியை சொல்லியிருந்தார். இப்போதும் விடிந்ததும் வீட்டில் தீப்பெட்டிக் கூடு ஒட்டிவிட்டுத்தான் வருவாள். தூக்கியிருந்த அந்தக் கையில், விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெளுத்திருந்தது.

பார்க்காமல் இருந்து பார்த்தேன். தேர்வாளர் பார்த்துவிட்டார். அந்தப் பெண் ஏதோ கேட்கிறாளே என்று தலையை அசைத்தார். வேறு வழியில்லாமல், என்ன என்று கேட்டேன்.

வெள்ளத்தாய் எழுந்து நின்றாள். "டீச்சர், அது மாம்பழச்சிட்டு இல்ல. அதுக்கு நெஞ்சு மஞ்சளால்ல இருக்கும். றெக்கையில ரெண்டு வெள்ளக்கோடு இருக்கும்."

அப்படியே என் வார்த்தை. என் பாடக்குறிப்பில் அடிக்கப்பட்ட வரியை யாரோ எடுத்து அவளிடம் கொடுத்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். தேர்வாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

படத்தை நன்றாகப் பார்த்துச் சொல் என்றேன்.

"படத்துல தப்பாப் போட்டிருக்காக டீச்சர். எங்க வீட்டு வேம்புல கூடு கட்டியிருக்கு. தீப்பெட்டி ஒட்டுறப்ப தெனமும் பாக்கேன். நீங்க வேணா வந்து பாருங்க."

அவள் என்னை எதிர்க்கவில்லை. டீச்சருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருகிறோம் என்ற சந்தோஷம் முகத்தில் இருந்தது. அழைப்பு வேறு. ஒரு டீச்சருக்கு வாழ்நாளில் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த மாணவி, முதல் வகுப்பிலேயே எனக்குக் கிடைத்துவிட்டாள். எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஒரு பறவையைப் பார்த்து, அடையாளத்தைச் சரியாகப் பிரித்து, நாலு பேர் முன்னால் எடுத்துச் சொல்கிறாள். பாடத்தின் நோக்கம் என்று என் குறிப்பில் முதல் வரியில் எழுதியிருந்தது இதைத்தான்.

நான் அவளை உட்காரச் சொன்னேன்.

அவள் உட்காரவில்லை. நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன், குரலை உயர்த்தி. பிறகு வகுப்பைப் பார்த்துக் கேட்டேன், மாம்பழச்சிட்டின் மார்பு என்ன நிறம் என்று. முப்பத்தொன்பது பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள். இன்னொரு தடவை கேட்டேன். இன்னும் பலமாகக் கத்தினார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இந்த அத்தியாயத்தை எழுதியிருக்க மாட்டேன். தேர்வாளர் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் நின்றால் அது என் குறை. குச்சியை நீட்டி அவளைக் காட்டினேன்.

"வெள்ளத்தாய், நீ சொல்லு. என்ன நிறம்?"

அவள் என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். அழவில்லை, முறைக்கவில்லை. கம்பெனியில் மேஸ்திரி கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படி, ஒரு அசைவும் இல்லாத குரலில் சொன்னாள்.

"செவப்பு டீச்சர்."

உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு மணி அடிக்கிற வரைக்கும் அவள் கை மேலே வரவில்லை. நான் மிச்சப் பாடத்தை ஒரு தடங்கலும் இல்லாமல் நடத்தி முடித்தேன். தேர்வாளர் போகும்போது என்னைப் பாராட்டினார். வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கத் தெரிகிறது என்றார். அதையே தாளிலும் எழுதியிருந்தார் என்று பிறகு எங்கள் ஆசிரியை சொன்னார்.

ரிசல்ட் வந்தது. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெரியப்பா சிவகாசியிலிருந்து ஒரு டஜன் டைரியும் புதுக் காலண்டரும் கொண்டுவந்து கொடுத்தார். சில மாதம் கழித்து அந்த ஆரம்பப் பள்ளிக்கு ஒரு வேலையாகப் போனபோது வெள்ளத்தாயைப் பற்றிக் கேட்டேன். பள்ளிக்கு வருவதில்லை, திரும்பக் கம்பெனிக்கே போய்விட்டாள் என்றார்கள். என்னால்தான் நின்றாள் என்று சொன்னால் அது என் கர்வம். அவளுக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவள் கற்றுக்கொண்டு போன கடைசிப் பாடங்களில் ஒன்று நான் நடத்தியது.

இத்தனை வருடமாக நான் எல்லாரையும் திட்டித் தீர்த்திருக்கிறேன். பிஸ்கட் மூடியைப் பார்த்து வரைந்த சங்கரலிங்கத்தை, சிரித்துக்கொண்டே மறுத்த பெரியப்பாவை, மரத்தடிக்கு வர மறுத்த தேர்வாளரை. இந்த அத்தியாயத்திலும் நிறையத் திட்டியிருக்கிறேன், நீங்களே பார்த்தீர்கள். எழுதி முடிக்கும்போதுதான் ஒன்று உறைக்கிறது. அவர்கள் யாருமே அந்தப் பறவையைப் பார்த்தவர்கள் இல்லை.

பார்த்தவர்கள் அன்றைக்கு அந்த வகுப்பில் இரண்டு பேர் இருந்தோம். ஒருத்தி அதைச் சொன்னாள். இன்னொருத்திக்கு வேலை கிடைத்தது.